மதகைத் திறக்காதவனுக்கு ஆற்றின் மேல் என்ன உரிமை?

பிரெஞ்சு கிராமங்களில் பழைய தண்ணீர் ஆலைகளின் அணைகளை இடிக்கலாமா கூடாதா என்று பல வருடங்களாகச் சண்டை நடக்கிறது. நம்மூரில் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஆலைக்காரர் கட்சி. பழசு என்றாலே நமக்கு மனசு இளகிவிடும். பள்ளியில் படித்த தோதேயின் ஆலை ஞாபகம் வந்துவிடும். அது காற்றாலை, இந்த வழக்கில் அதற்கு வேலையில்லை. நானும் இடிக்கக் கூடாது என்பவன்தான். ஆனால் ஆலைக்காரர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

தண்ணீர் ஆலை என்பது கட்டடமும் சக்கரமும் மட்டுமல்ல. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான ஒரு கல் அணை, அங்கிருந்து பிரியும் வாய்க்கால், சக்கரத்துக்கு முன்னால் மதகு, மிச்சத் தண்ணீர் வழிய நம் ஏரிக் கலிங்கு மாதிரி ஒரு வழி, சக்கரம் தாண்டி ஆற்றோடு போய்ச் சேரும் இன்னொரு வாய்க்கால். எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொத்து. ஆலைக்கென்றே வெட்டிய வாய்க்கால் என்றால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அது ஆலைக்காரருடையது என்றே பிரெஞ்சு நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும்.

இதற்கும் மேலே ஒரு உரிமை இருக்கிறது. 'ஃபோந்தே ஆன் தித்ர்' என்பார்கள். சின்ன ஆறுகளில் 1789 ஆகஸ்ட் 4க்கு முன்பே ஆலை இருந்தது என்று காட்டினால் போதும், தண்ணீரின் சக்தியைப் பயன்படுத்தப் புதிதாக அனுமதி வேண்டாம். அரசுக்குச் சொந்தமான ஆறு என்றால் 1566ஆம் வருடத்து மூலேன் அரசாணைக்கு முன்பு இருந்திருக்க வேண்டும். (ஊர்ப் பெயருக்கே 'ஆலைகள்' என்றுதான் அர்த்தம்.) 18ஆம் நூற்றாண்டின் கசீனி வரைபடத்தில் ஆலைக் குறி இருந்தால் அதையே சாட்சியாக நீட்டுகிறார்கள். 1919 அக்டோபர் 16 சட்டம் மற்ற எல்லோரையும் அரசிடம் அனுமதி கேட்க வைத்தது, இவர்களை விட்டுவிட்டது. நெடுங்காலம் ஓடாமல் கிடந்தது என்பதற்காக மட்டும் இந்த உரிமை போய்விடாது என்று உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்சேய் தேத்தா 2004இல் சொல்லிவிட்டது.

சரி, 1789க்கு முன்பு அந்த ஆலை யாருடையது? பல இடங்களில் பிரபுவுடையது, அல்லது மடத்துடையது. குடியானவன் தன் தானியத்தை அங்கேதான் அரைக்க வேண்டும், வேறு ஆலைக்குப் போகக் கூடாது. கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். 'பனாலித்தே' என்ற அந்தக் கட்டாயத்தை 1793இல் புரட்சி அரசு இழப்பீடு இல்லாமல் ஒழித்தது. மடத்து ஆலைகள் தேசச் சொத்தாகி ஏலம் போயின. கட்டாயம் போயிற்று, தண்ணீர் உரிமை மட்டும் தங்கிவிட்டது. இன்று வாசலில் பழைய வருடத்தைப் பொறித்து வைத்துக்கொள்ளும் ஆலைக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இன்னொரு காகிதத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டுவதில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த எனக்கு அதுதான் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் ஆலை ஆலையாக அரசு ஒரு தண்ணீர் ஒழுங்கு ஆணை போட்டது. பொறியாளர் வந்து அளந்து, தண்ணீர் எதுவரை நிற்கலாம் என்று ஒரு மட்டக் குறி பதிப்பார். மதகின் அகலம், கலிங்கின் உயரம் எல்லாம் ஆணையில் இருக்கும். தண்ணீர் அந்தக் குறியைத் தாண்டினால் மதகைத் திறந்துவிட வேண்டியது ஆலைக்காரர் பொறுப்பு. மேலே இருப்பவன் நிலம் மூழ்கக் கூடாது, கீழே இருப்பவனுக்கும் தண்ணீர் போக வேண்டும், அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. நம் புதுவை ஏரிகளுக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் இருந்த விவசாயச் சங்கங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிறகு நீராவி வந்தது, உருளை ஆலைகள் வந்தன, கிராமத்துச் சக்கரங்கள் நின்றன. ஆலை வார இறுதி வீடாயிற்று. மதகு துருப்பிடித்து மூடிய நிலையிலேயே நின்றது. அணைக்குப் பின்னால் சேறு சேர்ந்தது. விலாங்கு கடலிலிருந்து ஏறி வரும் மீன், சால்மன் முட்டையிட மேலே போகும் மீன். இரண்டுக்கும் வழி அடைபட்டது. இதைப் பொய் என்று சொல்லும் ஆலைக்காரர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2006 டிசம்பர் 30 தண்ணீர்ச் சட்டத்துக்குப் பிறகு அரசு ஆறுகளைப் பட்டியல் போட்டது. மீனும் மணலும் போக ஐந்து வருடத்துக்குள் வழி செய் என்றது. அதுவரை நியாயம்தான். அதற்குப் பிறகு அலுவலகம் தன் வேலையைக் காட்டியது. ஒவ்வோர் அணையையும் போய்ப் பார்த்து, இதற்கு மதகு, இதற்கு மீன் ஏணி என்று முடிவு செய்வது சிரமம். இடி என்று ஒரே வரி எழுதுவது சுலபம். மானியமும் இடிப்பதற்குத்தான் தாராளமாகக் கிடைத்தது, ஏணிக்குக் குறைவு. நூற்றாண்டுகளாக அந்தத் தண்ணீர் மட்டத்தை நம்பி நின்ற கரை மரங்கள் என்னாகும், ஈரத்தில் ஊன்றிய மரக் கால்கள் மேல் எழுப்பிய சுவர் என்னாகும் என்று கேட்க படிவத்தில் கட்டம் இல்லை. அந்த மாதிரிப் படிவங்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

2021 ஆகஸ்ட் 22 சட்டம், மீன் வழியைக் காரணம் காட்டி ஆலை அணைகளை இடிக்கச் சொல்லக் கூடாது என்றது. ஆலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கொண்டாடட்டும், ஆனால் மதகைத் திறந்தார்களா? பிரபு காலத்து உரிமை வேண்டும், பொறியாளர் பதித்த குறி மட்டும் பாசிக்கு அடியில் கிடக்கலாம் என்றால் எப்படி?

என்னைக் கேட்டால் அணை நிற்கட்டும். ஆனால் பழைய உரிமையைக் கோருகிறவர் வருடா வருடம் மதகு ஏறி இறங்குகிறது என்று காட்ட வேண்டும். மீன் ஏறும் பருவத்தில் அது திறந்திருக்க வேண்டும். இடிக்கக் கொடுத்த மானியத்தை மதகுக்கும் ஏணிக்கும் கொடுக்கட்டும். அப்படியும் பாரீஸில் உட்கார்ந்துகொண்டு வராமல் இருப்பவருக்கு, கிராமசபையே ஆள் வைத்து மதகைத் திறந்து, கூலியை அவருடைய வீட்டு வரி ரசீதோடு சேர்த்து அனுப்பட்டும்.