அம்புலன்ஸ் வரும் வரை பிள்ளை யார் கையில்?

கொடகவெலயிலிருந்து பெல்மதுளைக்கோ எம்பிலிப்பிட்டிக்கோ போகும் பெரிய பாதையில் அம்புலன்ஸ் ஓடுவதற்குத் தடை எதுவும் இல்லை. அந்தப் பாதையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில்தான் தடை ஆரம்பமாகிறது. கல் பெயர்ந்த ரோடு, மழை பெய்தால் வழுக்கும் முடக்கு, கொழுந்து லொறி மட்டுமே ஏறக்கூடிய ஏற்றம். 1990 சுவசெரிய சேவை 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. இலவசமாக வரும் நல்ல சேவை. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மூச்சு நின்றுபோன பிள்ளைக்கு நான்கைந்து நிமிடத்துக்கு மேல் தவணை கிடையாது. அதற்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். எவ்வளவு நல்ல சாரதியாலும் அந்த நேரத்துக்குள் மேல் டிவிசன் லயத்துக்கு ஏறி வர முடியாது.

அந்த நான்கு நிமிடத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? பிள்ளை மடுவத்தில் என்றால் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். டிஸ்பென்சரியில் என்றால் தோட்ட வைத்திய உதவியாளர். பாடசாலையில் எங்களைப் போன்ற ஆசிரியர்கள். இவர்களுக்குப் பிள்ளையின் உயிரைக் காக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலாவது யாராவது கேட்டார்களா?

பெரிய வைத்தியசாலைகளின் வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. சிறுவர் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி என்று சொல்லலாம். அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் கழகமும் சேர்ந்து 1988இல் தொடங்கிய பாடநெறி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பொம்மைப் பிள்ளையை வைத்துக் கைப்பழக்கமாகவே கற்பிப்பார்கள். ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் முகமூடிப் பையால் மூச்சுக் கொடுப்பார், ஒருவர் மருந்து அளப்பார், ஒருவர் நின்று வழிநடத்துவார். நரம்பு கிடைக்காவிட்டால் எலும்புக்குள் ஊசி ஏற்றுவதுவரை அதில் அடங்கும். சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு திரும்பவும் செய்து காட்ட வேண்டும். பழகாத கை மறந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த முழுப் பயிற்சியும் தோட்டத்து ஆள் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊசியும் மின்னதிர்ச்சிக் கருவியும் வைத்தியசாலையின் வேலை. ஆனால் அந்தப் பயிற்சியின் அடிப்படையான பாடம் தோட்டத்துக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. பெரியவருக்கு இதயம் திடீரென்று நின்றுவிடுவதுண்டு. பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்படியல்ல. முதலில் மூச்சுத் திணறும், அல்லது இரத்த ஓட்டம் தளரும்; இதயம் கடைசியாகத்தான் நிற்கும். மூக்குத் துவாரம் விரிவது, விலா உள்ளே இழுப்பது, முனகல், கை கால் குளிர்வது, கூப்பிட்டால் கண் திறக்காமல் சோர்ந்து கிடப்பது – இதயம் நிற்பதற்கு முன்னால் வரும் அறிவிப்புகள் இவை. எங்கள் இரத்தினபுரி மாவட்டத்துக்கு டெங்கு புதிதல்ல. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடையும் நாளில்தான் டெங்குப் பிள்ளை இப்படிச் சோர்ந்து போகக்கூடும். அந்த அறிகுறியை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் லயத்தில் இருந்தால், லொறி இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே புறப்படும்.

மூச்சு முதலில் போவதால் செய்யும் வேலையின் ஒழுங்கும் மாறுகிறது. பெரியவர் விழுந்தால் முதலில் தொலைபேசி. மூச்சும் அசைவும் இல்லாமல் கிடக்கும் பிள்ளையுடன் தனியாக இருப்பவர், இரண்டு நிமிடம் நெஞ்சை அழுத்தி மூச்சும் கொடுத்த பிறகுதான் உதவி தேடி ஓட வேண்டும். கையில் போன் இருந்தால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். தனி ஆள் என்றால் 30 அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் 15க்கு இரண்டு. வாசித்தால் சின்ன விசயம். பொம்மையில் ஒரு தடவையாவது அழுத்திப் பார்க்காதவரின் கை அந்த நேரத்தில் நடுங்கி நின்றுவிடும்.

ரம்புட்டான் காலத்தில் எங்கள் பாடசாலையில் மூன்றாம் தரப் பிள்ளை ஒன்றின் தொண்டையில் கொட்டை சிக்கியது. ஒருவர் தண்ணீர் கொடுக்க ஓடி வந்தார், ஒருவர் வாய்க்குள் விரலை விட்டுத் தேடப் போனார். இரண்டும் கொட்டையை இன்னும் உள்ளே தள்ளக்கூடியவை. சாரணர் முதலுதவி வகுப்பில் படித்திருந்த ஒரு ஆசிரியை பிள்ளையை முன்னால் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். நான்காவது தட்டில் கொட்டை வெளியே விழுந்தது. அவர் அன்று லீவில் இருந்திருந்தால்? பிள்ளை மடுவத்தில் இருக்கும் கைக்குழந்தைக்கு முறையே வேறு: ஒரு வயதுக்குக் குறைந்தால் வயிற்றை அழுத்தக் கூடாது, முதுகில் ஐந்து தட்டு, நெஞ்சில் ஐந்து அழுத்தல். வலிப்பு வந்தால் கையில் இரும்புத் துண்டைத் திணிக்கும் பழக்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் வைக்காமல் விடுவதே பிள்ளைக்கு உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான அவசர மருந்து கிலோக் கணக்கில்தான் அளக்கப்படுகிறது. குளவி கொட்டி மூச்சுத் திணறும் பிள்ளைக்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசியும் அப்படித்தான். நிறுக்க நேரமில்லாதபோது வயதை வைத்து நிறையைக் கணக்கிடும் வாய்ப்பாடுகள் உண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3. வயதைக் கேட்டு அளந்தால் எங்கள் பிள்ளைக்கு அளவு கூடிவிடலாம். எனவே பிள்ளையின் சுகாதார அட்டையைக் கூடவே எடுத்துப் போங்கள். கடைசியாக நிறுத்த நிறை அதில் இருக்கும். டிஸ்பென்சரியிலும் பிள்ளையின் நீளத்தை வைத்து நிறை காட்டும் நாடா ஒன்று இருக்க வேண்டும்.

தோட்ட வைத்திய உதவியாளர் கம்பனியின் ஊழியர், சுகாதார அமைச்சின் ஊழியர் அல்ல. அரசாங்க வைத்தியசாலைக்கு வரும் பயிற்சி தானாக அவரிடம் வந்து சேராது. அவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அனுப்ப வேண்டியது நிர்வாகம். நோயாளியைப் பார்க்கும் கடமையைத் தோட்டத்தின் மேல் வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சுமத்தியது. ஆகவே இது புதிய சலுகை அல்ல.

எமது கோரிக்கை இது. வைத்திய உதவியாளருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, வேலை நேரத்தில், தமிழில், பொம்மை வைத்துப் பயிற்சி. லொறிச் சாரதிக்கும் லயத்துக்கு இரண்டு பேருக்கும் அடிப்படைப் பயிற்சி. அந்த நாளுக்கு யாருக்கும் பேர் வெட்டக் கூடாது. டிஸ்பென்சரியில் கைக்குழந்தை அளவிலும் சிறுவர் அளவிலும் முகமூடிப் பை, நிரம்பிய ஒட்சிசன் சிலிண்டர், திகதி கடக்காத அட்ரினலின். சம்பளம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சம்பளத்தைக் குறைத்து இதைக் கேட்கவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

நுவரெலியாவைப் போல எங்கள் தோட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. டிஸ்பென்சரியே இல்லாத சின்னத் தோட்டங்களும் உண்டு. எனவே பயிற்சி நாளில் பக்கத்துக் கிராமத்து முச்சக்கரவண்டிக்காரர்களையும் கூப்பிடுவது நல்லது. இரவில் எங்கள் பிள்ளையை ஏற்றிப் போவது பல நேரம் அவர்கள்தான்.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இந்த மாதமே ஒரு வேலை செய்யலாம். டிஸ்பென்சரிக்குப் போய், சிறுவர் முகமூடிப் பை இருக்கிறதா, சிலிண்டரில் ஒட்சிசன் இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது பயிற்சிக்குப் போனார் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1990க்கு அழைப்பவர் பெரிய பாதையின் எந்தச் சந்தியில் திரும்பச் சொல்ல வேண்டும், டோர்ச்சோடு அங்கே போய் நிற்பது யார் என்பதையும் லயத்துக்கு லயம் முடிவு செய்யுங்கள். எழுதியதை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.