எண் இல்லாத டப்பாவும் "பொறு" என்று சொன்ன டாக்டரும்

சம்பளம் போட்ட வாரத்தில் மேரு, காப்பார் பக்கத்து இரவுச் சந்தைகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மீன் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே ஒருவர் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, முட்டி வலி, இடுப்பு வலி, நீரிழிவு, ஆண்மைக் குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்று கூவிக்கொண்டிருப்பார். நாள் முழுக்கச் செம்பனைக் குலை தூக்கியவனுக்கும், முப்பது வருசம் பால்மரம் வெட்டிக் குனிந்தே பழகியவளுக்கும் அந்தக் குரல் காதில் தேனாகத்தான் பாயும். தப்பில்லை. வலி நமக்குத்தானே தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் வாங்கிச் சாப்பிட்டார். "தம்பி, ரெண்டே நாள்ல முட்டி வலி பறந்து போச்சுப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பிக் கிடந்தது. சீனி ஏறியிருந்தது. டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூலிகைப் படம் இருந்தது, ஒரு தாடிக்காரர் படம் இருந்தது, பதிவு எண் மட்டும் இல்லை.

இப்படி அதிசயமாக வேலை செய்யும் "மூலிகை" மாத்திரைகள் பலவற்றைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது உள்ளே கலந்திருந்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அது நல்ல மருந்துதான், டாக்டர் அளந்து கொடுத்தால். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சீனியும் ரத்த அழுத்தமும் ஏறும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்து போயிருக்கும். அதனால் அக்காவிடம் "தூக்கி எறி" என்று சொல்லவில்லை. டப்பாவோடு அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

சரி, எந்த மருந்து விற்கலாம், எது கூடாது என்று இந்த நாட்டில் யார் முடிவு செய்கிறார்கள்? நம்மில் பலருக்கு இது தெரியாது. பெட்டாலிங் ஜெயாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இருக்கிறது. 1978 அக்டோபரில் ஒரு சோதனைக்கூடமாகத் தொடங்கியது அது. 1984-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்த பிறகு மருந்துகளைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். பாரம்பரிய மருந்துகளின் முறை 1992-இல் வந்தது. அங்கே மருந்தாளர்கள் தாள்களையும் மாத்திரைகளையும் சோதிக்கிறார்கள். கடைசி முடிவு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் கையில். அந்த ஆணையத்தின் தலைவர் ஒரு டாக்டர், அதாவது நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநர். அந்தப் பதவிக்கு யார் வந்தாலும் இந்த நாற்காலியும் கூடவே வரும்.

2013 முதல் 2023 ஏப்ரல் வரை அதில் உட்கார்ந்திருந்தவர் டான்ஸ்ரீ டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா. கோவிட் காலத்தில் தினமும் மாலையில் டிவியில் கணக்குச் சொன்னாரே, அவரேதான். தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து 1988-இல் டாக்டரானவர், பிறகு அறுவை மருத்துவர். கழுத்துக் கழலை போன்ற சுரப்பி நோய்களுக்குக் கத்தி எடுப்பதுதான் அவருடைய தனித் தொழில். அறுவை மேசையில் ஒரு நேரத்தில் ஒரு உயிர். மருந்து ஆணையத்து மேசையிலோ ஒரு கையெழுத்தில் மூன்று கோடிப் பேர்.

அவருடைய பத்து வருசத்தில் நடந்ததையெல்லாம் இங்கே எழுத இடமில்லை. 2018 ஜூலையில் வல்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றைத் திருப்பி வாங்கினார்கள். சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய கலப்பு இருந்ததே காரணம். 2021 ஜனவரி 8-ஆம் தேதி ஃபைசர் தடுப்பூசிக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. பிப்ரவரி 24-இல் பிரதமர் ஊசி போட்டுக்கொண்ட அன்றே டாக்டரும் கையை நீட்டினார்.

என் மனசில் நிற்பது வேறொரு சங்கதி. 2021-இல் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கோவிடுக்குக் கொடு, கொடு என்று ஊரெல்லாம் சத்தம். வாட்ஸ்அப்பைத் திறந்தால் அதே பேச்சு. சில டாக்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த நாட்டில் அது மாடு ஆடுகளுக்குத்தான் பதிவாகியிருந்தது. ஆஸ்பத்திரிகள் நிறைந்து வழிந்த நேரம் அது. தினமும் சாவு. "கொடுத்துத் தொலையட்டுமே" என்று நானே ஒருநாள் வீட்டில் சொன்னதுண்டு. ஆனால் அமைச்சு பொது விற்பனைக்கு விடவில்லை. பொறு, சோதித்துப் பார்ப்போம் என்றார்கள்.

சோதித்தும் பார்த்தார்கள். 20 அரசாங்க ஆஸ்பத்திரிகளில், 50 வயதைத் தாண்டிய, வேறு நோயும் உள்ள 490 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டின், மீதிப் பேருக்கு அது இல்லாமல். மருந்து சாப்பிட்ட 241 பேரில் 52 பேருக்கும், சாப்பிடாத 249 பேரில் 43 பேருக்கும் நோய் முற்றியது. முற்றாமல் தடுக்க அது உதவவில்லை என்று 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. சாவுக் கணக்கு முறையே 3, 10 என்பதைப் பிடித்துக்கொண்டு இன்னும் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஊர் கேட்டதற்கு "சரி" என்று தலையாட்டாமலும், வெறுமனே "முடியாது" என்று கதவைச் சாத்தாமலும், நம் ஆஸ்பத்திரிகளிலேயே சோதித்துக் காட்டியது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது.

இந்த "பொறு" என்ற சொல்லின் விலை என்ன என்று அறுபது வருசத்துக்கு முன்பே உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தில் 1960-இல் வேலைக்குச் சேர்ந்தவர் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் டாக்டர். தலைவர்கூட அல்ல, சாதாரண அதிகாரி. தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கு அனுமதி கேட்டு வந்த கோப்பு அவர் மேசைக்கு வந்தது. கம்பெனிக்காரர்கள் விடாமல் நெருக்கினார்கள். அத்தாட்சி போதாது என்று அந்த அம்மா திருப்பித் திருப்பி அனுப்பினார். ஐரோப்பாவில் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டதால் கையும் காலும் வளராத பிள்ளைகள் பிறந்தது 1961 கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் என்கிறார்கள். அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை. 1962-இல் அதிபர் கென்னடி அந்த அம்மாவுக்கு விருது கொடுத்தார். 90 வயது வரை வேலை பார்த்தார்.

நம் நாட்டு ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளை நடத்துகிற டாக்டரே, எந்த மருந்து நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் ஆணையத்துக்கும் தலைவர். மேலே அமைச்சர் வேறு. பக்கத்துச் சிங்கப்பூரில் இதற்கென்று 2001-இலேயே தனி வாரியம் அமைத்துவிட்டார்கள். நோர் ஹிஷாம் மாதிரி ஒருவர் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. நல்ல கங்காணி இருக்கும்வரை தோட்டத்தில் சட்டம் தேவைப்படாத மாதிரி. ஆள் மாறினால்?

இன்னொரு குறை அதைவிடப் பெரிது, நம்முடையது. கலப்பட மருந்தைப் பற்றி அமைச்சு அறிக்கை விடும்போது அது மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. சந்தையில் விற்கிறவர் மட்டும் நல்ல தமிழில் பேசுகிறார்! தோட்டத்துக் கிளினிக் சுவரிலும், கோயில் வாசலிலும், சங்கக் கிளை அலுவலகத்திலும் அந்த அறிக்கையைத் தமிழில் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? தோட்டத் தொழிலாளர் சங்கத்தாரும் ஆலய நிர்வாகத்தாரும் இதை அமைச்சிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரை வீட்டில் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். டப்பாவில் "எம்.ஏ.எல்" என்ற மூன்று எழுத்து, பிறகு எட்டு எண், கடைசியில் ஓர் எழுத்து இருக்க வேண்டும். "டி" என்றால் பாரம்பரிய மருந்து, "எக்ஸ்" என்றால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது, "ஏ" என்றால் டாக்டரோ மருந்தாளரோதான் கொடுக்க வேண்டும். கூடவே மினுமினுக்கும் பாதுகாப்பு ஒட்டு இருக்கும். எண்ணைத் திருட்டுத்தனமாக அச்சடிப்பதும் நடக்கிறது. ஆகவே பிள்ளைகள் கைப்பேசியில் ஒழுங்குமுறை நிறுவனத்தின் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு, அதே மருந்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். பதிவில்லாத மருந்தை விற்றால் தனி ஆளுக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று வருசம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும் என்பது விற்பவருக்கும் தெரியும். எண் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஒலிபெருக்கி கொஞ்சம் அடங்கும்.

மருந்தால் கெடுதல் வந்தால் பொதுமக்களே நிறுவனத்துக்கு எழுதலாம், அதற்குப் படிவம் உண்டு. அக்காவின் மகன் அதை மலாயில் நிரப்பிக்கொண்டிருக்கிறான். டப்பாவில் விலாசம் இல்லாததால் தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டான். "இல்லை என்றே எழுது தம்பி" என்றேன்.