கவண்பொறியும் கைவழிக் கல்வியும்

கல்வி இருவழியாக வந்து சேரும். ஒன்று கண்வழி, மற்றொன்று கைவழி. நூலைப் படித்து அறிவது கண்வழிக் கல்வி. பொருளைச் செய்து பார்த்து அறிவது கைவழிக் கல்வி. இவ்விரண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்களைப் போன்றவை. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று தனியே ஓடாது. இலக்கியம் பயில்வோர்க்குக் கைவேலை எதற்கு என்று வினவுவோர் உளர். அவர்க்கு விடை கூற ஒரு பழங்கருவியே போதும். அதுதான் கவண்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் ஆயர் முதுமகளாகிய மாதரி, கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரையின் மதில்வாயிலைக் கடந்து செல்கிறாள். அவ்விடத்தில் இளங்கோவடிகள் அம்மதிலைக் காத்து நின்ற பொறிகளை வரிசையாகக் கூறுகின்றார். வளைந்து தானே அம்பு எய்யும் விற்பொறியும், கல்லை வீசும் கவணும், கொதிக்கும் நெய்யும், ஐயவித்துலாமும் அவற்றுட் சில. மாணவர் இப்பகுதியைப் படிக்கின்றனர். உரையை மனப்பாடம் செய்கின்றனர். தேர்விலும் எழுதி விடுகின்றனர். ஆயினும், கவண் என்றால் கல்லெறியும் கருவி என்பதற்குமேல் அவர் உள்ளத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை. கல்லுக்கு விசை எங்கிருந்து வந்தது? அது குறித்த இடத்தில் எவ்வாறு விழுந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணாதவரையில் அச்சொல் உயிரற்ற சொல்லே.

கவண் தமிழர்க்குப் புதியதன்று. தினைப்புனம் காத்த குறமகளிர் கிளிகளை ஓட்டக் கவண்கல் வீசியதைச் சங்க இலக்கியம் காட்டுகின்றது. கயிற்றின் நடுவே கல்லை வைத்து, இரு முனைகளையும் பற்றிச் சுழற்றி, தக்க நேரத்தில் ஒரு முனையை விட்டால் கல் பறந்து செல்லும். சிறு கல்லுக்குக் கையின் வலிமை போதும். பெருங்கல்லை வீச வேண்டுமாயின் கைக்கு மாற்றாக ஒரு நெம்புகோல் வேண்டும்.

அந்நெம்புகோலும் தமிழ் உழவன் நன்கு அறிந்ததே. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தின் நீண்ட மரத்தைத் துலா என்பர். அதன் ஒருபுறம் தாழ, மறுபுறம் உயர்கின்றது. இடைக்காலத்துக் கல்லெறி பொறியின் அமைப்பும் இத்தகையதே. ஓர் அச்சின்மேல் நீண்ட துலாக்கோல் கிடக்கும். அதன் குறுங்கையில் பெரும்பாரம் தொங்கும். நெடுங்கையின் நுனியில் கவண்கயிறு கட்டப்பட்டிருக்கும். பாரம் விழும்போது நெடுங்கை விரைந்து எழும். அதனோடு கவணும் சுழன்று, கயிற்றின் ஒரு முனை நுனியிலுள்ள கொக்கியிலிருந்து நழுவும். உடனே கல் பறக்கும். 1301-ஆம் ஆண்டில் அலாவுதீன் கில்ஜியின் படை இரணதம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குள்ளிருந்து வந்த பொறிக்கல்லால் அடிபட்டே அவனுடைய தளபதி நுசரத்கான் மாண்டான் என்று வரலாறு கூறும்.

இத்தகைய பொறியின் சிற்றுருவை மாணவர் தாமே செய்து பார்ப்பது எளிது. ஒரு முழ நீளமுள்ள மரச்சட்டம், அதைத் தாங்க இரு கால்கள், அச்சுக்கு ஓர் இரும்புக்கம்பி, பாரத்திற்கு மணல் நிரப்பிய பை, கவணுக்குச் சிறு துணியும் நூலும், கொக்கிக்கு வளைத்த ஓர் ஆணி ஆகியவை போதும். எறிவதற்குக் கல் வேண்டா, துணிப்பந்து போதும். நெடுங்கை குறுங்கையைப்போல் நான்கு மடங்கு இருக்கட்டும்.

செய்து முடித்தவுடன் அது நன்றாக எறிந்துவிடும் என்று எண்ணலாகாது. கயிறு விரைவில் நழுவினால் பந்து மேலெழுந்து பின்புறம் விழும். காலந்தாழ்த்து நழுவினால் காலடியிலேயே மோதும். அப்போது மாணவன் ஆணியைச் சற்றே வளைத்துப் பார்ப்பான்; நூலைக் குறைத்துப் பார்ப்பான்; மணலைக் கூட்டிப் பார்ப்பான். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பந்து விழுந்த தொலைவை அளந்து குறித்துக்கொண்டால், எது எதனால் விளைந்தது என்பது தெளிவாகும். தோல்வியே ஆசிரியனாகும் இடம் இது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் மாணவர்க்கு இக்கல்வி மிகப் பொருந்தும். 1964-ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் ஓசை நாள்தோறும் கேட்கின்றது. ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டில் விஜயந்தா என்னும் டாங்கி வெளிவந்தது. பின்னர் அவ்வூர் ஆராய்ச்சி நிலையமே அருச்சுனன் பெயர் தாங்கிய டாங்கியை வடிவமைத்தது. தந்தையர் பட்டறையில் அளவுகோலும் கையுமாக நிற்க, பிள்ளைகள் கைவேலையை இழிவென்று கருதி ஒதுங்குவது முறையாகுமோ? பழைய மதிலின் பொறியையும் புதிய தொழிற்சாலையின் ஊர்தியையும் இணைப்பது அளந்து செய்யும் அறிவே.

மேலைநாட்டு அறிஞரும் இம்முயற்சியைச் சிறுமையாகக் கருதவில்லை. பிரான்சு நாட்டில் மூன்றாம் நெப்போலியன் 1850-ஆம் ஆண்டில் இத்தகைய பெரும்பொறி ஒன்றைக் கட்டுவித்து எறிந்து பார்க்கச் செய்தான். செருமானியப் படைத்தலைவர் சிராம் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரேக்க உரோமானிய நூல்களைக் கொண்டு முறுக்குக்கயிற்றுப் பொறிகளை மீண்டும் செய்தார். கல்லின் எடை எட்டு மடங்கானால் முறுக்குக்கயிறு செல்லும் துளையின் விட்டம் இரு மடங்காக வேண்டும் என்னும் அளவு கிரேக்க நூலில் தெளிவாக உள்ளது. அளவு எழுதிவைக்கப்பட்டதனால் அப்பொறி மீண்டும் எழுந்தது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தமிழ்க் காப்பியம் பொறிகளின் பெயரைத் தருகின்றது. நீள அகலங்களைத் தரவில்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் நிலைப்பொறி, இயங்குபொறி என வகுத்துப் பெயர்களைக் கூறுகின்றதேயன்றி அளவுகளை விரித்துரைக்கவில்லை. ஆதலின், ஒருவன் ஒரு பொறியைச் செய்து, “பாண்டியன் மதிலில் இருந்தது இதுவே” என்று முழங்கினால் அது பொய்யாகும். “இவ்வாறு இருந்திருக்கலாம்” என்று கூறுவதே மெய். துலாம் என்னும் சொல்லைக் கொண்டு ஐயவித்துலாமும் இதே பொறிதான் என்று துணிதலும் கூடாது. அதனை அம்பெய்யும் பொறியாகக் கொண்ட உரையும் உண்டு. முன்னோரைப் போற்றுதற்குப் பொய் துணையாகாது. பழம்பெருமை பேசுவதினும் பழம்பொருளை ஆராய்தல் பெரிது.

போர்க்கருவியைச் செய்யுமாறு இளைஞர்க்குக் கூறுவது நன்றோ என்று சிலர் ஐயுறுவர். அவ்வையம் தள்ளத்தக்கதன்று. கம்பர் ஒரு செய்தி கூறுகின்றார். இராமன் இளமையில் விளையாட்டாக வில்லிலிருந்து விட்ட மண்ணுருண்டை கூனியின் மேற்பட்டது. அதனை அவள் மறக்கவில்லை. முடிசூட்டு விழாவின் முன்னாளில் அந்நினைவு அவள் உள்ளத்தில் கனன்றது. விளையாட்டுக் கருவியாயினும் உயிர்மேல் குறிவைத்தலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. பறவையும் நாயும் குறியாகா. தரையில் சுண்ணாம்பால் வட்டமிட்டு அதனையே குறியாகக் கொள்ளல் வேண்டும். பந்து பின்னும் பாயுமாதலின், பொறிக்கு முன்னும் பின்னும் எவரும் நிற்றலாகாது. ஆசிரியரோ பெற்றோரோ அருகிருத்தல் வேண்டும். இக்கட்டுப்பாட்டைக் கற்பதும் அக்கல்வியின் ஒரு பகுதியே.

இவ்வாறு பொறியைச் செய்து பார்த்த மாணவன் மீண்டும் அடைக்கலக் காதையைத் திறப்பானாயின், அவன் முன் மதுரை மதில் புதிதாய் எழுந்து நிற்கும். துலாக்கோலின் முனகலும் கயிற்றின் வீச்சும் அவன் செவியில் ஒலிக்கும். அம்மதிலைக் காக்க மரம் அறுத்த தச்சனையும், கயிறு திரித்த தொழிலாளியையும் அவன் நினைப்பான். அத்தனைப் பொறிகள் காத்த நகரும் ஓர் அநீதியால் எரிந்ததே என்னும் உண்மையையும் உணர்வான். பகைவரைத் தடுக்கக் கவண் போதும்; நகரை நிலைநிறுத்த நீதி வேண்டும். இவ்வுண்மையைக் கண் மட்டும் கற்றால் மறக்கும். கையும் சேர்ந்து கற்றால் நிலைக்கும்.