ஒரு கடற்பாலம், இரண்டு அளவுகோல்களா?

“ஓய்வுபெற்றதும் ஜோகூருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம்.” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தோட்டத்துடன் ஒரு தரைவீடு, வாசலில் கார், ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும் வசதி என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். அதே வீடுகளில் இன்னொரு பேச்சும் கேட்கிறது. “எங்கே பார்த்தாலும் ஊரிலிருந்து வந்த வயதானவர்கள். இவர்கள் எல்லாம் எப்படித்தான் இங்கே வந்து தங்குகிறார்களோ!”

இந்த இரண்டு பேச்சுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓய்வுக்காலத்தில் எல்லை தாண்டும் முதியவர் நம்மவராக இருந்தால் அவர் கெட்டிக்காரர். வேறு நாட்டவராக இருந்தால் அவர் சுமை. இந்த இரட்டை அளவுகோலை இளையர்களாகிய நாம் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

பாசிர் ரிஸ் காட்டும் படம்

நான் வசிக்கும் பாசிர் ரிஸ்ஸில் இந்த விவகாரம் கண்ணெதிரே நடக்கிறது. காலையில் பாசிர் ரிஸ் பூங்காவின் கடலோரப் பாதையில் நடப்பவர்களிடையே கோயம்புத்தூர்த் தமிழ் கேட்கும், தெலுங்கு கேட்கும், சீனாவிலிருந்து வந்த தாத்தா பாட்டிகளின் மாண்டரினும் கேட்கும். மாலையில் அவர்களே பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால், ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியராக இருப்பார், இன்னொருவர் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியையாக இருப்பார்.

இவர்களைப் பற்றி நம் மத்தியில் உலவும் குறைகள் என்ன? சத்தமாகப் பேசுகிறார்கள். கூட்டமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். மருத்துவமனைகளில் நெரிசலைக் கூட்டுகிறார்கள். நம் வரிப்பணத்தில் சலுகை அனுபவிக்கிறார்கள். முதல் இரண்டும் பழக்கம் தொடர்பானவை, பேசித் தீர்க்கக்கூடியவை. கடைசி இரண்டையும் விதிமுறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கென்றே வெளிநாட்டவர் விண்ணப்பிக்கக்கூடிய தனி விசா சிங்கப்பூரில் இல்லை. இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவர் தம் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதி அட்டையில் அழைத்துவர வேண்டுமானால், அவருடைய நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளியாக இருக்க வேண்டும். அந்த அனுமதியும் பிள்ளையின் வேலையோடு கட்டப்பட்டது. பிள்ளைக்கு வேலை போனால் பெற்றோரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பெற்றோருக்காக இதுபோன்ற அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்த அட்டையில் தங்கும் முதியவருக்கு அரசாங்க மருத்துவமனையில் மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான். அவரால் வீவக வீடு வாங்க முடியாது. தனியார் வீடு வாங்க நினைத்தாலும், 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் பொதுவாக 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும்.

ஆகவே, “எல்லாம் இலவசமாக அனுபவிக்கிறார்கள்” என்பது உண்மையன்று. வெறுங்கையோடு வந்தவர்கள் என்பதும் சரியன்று. பாட்டி வீட்டில் இருப்பதால்தான் தாயும் தந்தையும் கவலையின்றி வேலைக்குப் போகிறார்கள். அந்த உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, அது எந்தக் கணக்கிலும் வருவதுமில்லை.

அக்கரையில் நாமே வெளிநாட்டவர்

இப்போது கடற்பாலத்தைக் கடப்போம். மலேசியா 2002ல் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பணம் படைத்த வெளிநாட்டவர், குறிப்பாக ஓய்வுபெற்றவர்கள், நீண்டகாலம் தங்க அது வழிசெய்தது. அதன் வரலாற்றைப் பார்த்தால், வெளிநாட்டு முதியவர்களை வரவேற்பதா வேண்டாமா என்று ஒரு நாடு தனக்குள்ளேயே நடத்தும் வாதம் தெரியும். 2021ல் நிபந்தனைகள் திடீரெனக் கடுமையாயின. மாத வருமானம் 40,000 ரிங்கிட், நிரந்தர வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட் என்று கேட்கப்பட்டது. அந்தக் கடுமையை ஜோகூர் சுல்தானே வெளிப்படையாகக் குறைகூறினார். 2024ல் திட்டம் மீண்டும் மாற்றப்பட்டு வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற நிலைகள் வந்தன. வெள்ளி நிலைக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், வீடும் வாங்க வேண்டும்.

நம் மூத்தோர் அங்கே போவதற்கு வசதிகளும் பெருகியுள்ளன. மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட சில மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற 2010 முதல் மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். உட்லண்ட்ஸ் நார்த்தையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ரயில் சேவைக்கு 2026 இறுதி இலக்காக அறிவிக்கப்பட்டது. பயண நேரம் ஏறத்தாழ ஐந்து நிமிடம்தான். 2030ல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதையோ அதற்கு மேலோ எட்டியிருப்பார். எனவே, “ஜோகூருக்குப் போய்விடலாம்” என்ற பேச்சு இனி இன்னும் அதிகமாகவே கேட்கும்.

அங்குள்ளவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள்? கடைக்காரரும் வீட்டு முகவரும் வரவேற்பார்கள். ஆனால் ஜோகூர் பாருவில் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் இளையரின் கோணம் வேறு. சிங்கப்பூர் வெள்ளியை எதிர்பார்த்து விலை வைக்கும் உணவகமும், வெளிநாட்டவரை நினைத்துக் கட்டப்படும் அடுக்குமாடியும் அவருக்கு எட்டாதவை. நாம் இங்கே “அவர்களால் நமக்கு நெருக்கடி” என்கிறோம். அவர் அங்கே நம்மைப் பற்றி அதையே சொல்கிறார்.

இதன் உச்சத்தை ஃபாரஸ்ட் சிட்டியில் பார்க்கலாம். ஜோகூர் நீரிணையில் செயற்கைத் தீவுகளை உருவாக்கி, ஏழு லட்சம் பேர் வாழும் நகரம் அமைக்கச் சீன நிறுவனமான கன்ட்ரி கார்டன் திட்டமிட்டது. வீடுகள் பெரும்பாலும் வெளிநாட்டவரைக் குறிவைத்தே விற்கப்பட்டன. பக்கத்துக் கிராமத்து மீனவர்கள் தங்கள் பிழைப்பு பாதிக்கப்படுவதாக முறையிட்டனர். 2018 ஆகஸ்டில், அப்போதைய பிரதமர் மகாதீர், வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்கக் குடியேற விசா தரப்போவதில்லை என்று பேசியது உலகச் செய்தியானது. அந்த எதிர்ப்புணர்வுக்கு இலக்கானது எந்தத் தனி முதியவரும் அல்லர். உள்ளூர்வாசிகளுக்கு எட்டாத ஒரு நகரம் அவர்கள் வாசலிலேயே எழுந்ததுதான் பிரச்சினை.

கோபம் எங்கிருந்து பிறக்கிறது?

ஐரோப்பாவிலும் இதே பாடம் கிடைக்கிறது. போர்ச்சுகல் 2009ல் புதிதாகக் குடியேறுவோருக்கு ஒரு வரிச்சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் அங்கே குடிபெயர்ந்த வெளிநாட்டவர் பலர், பத்து ஆண்டுகளுக்குத் தங்கள் ஓய்வூதியத்துக்கு வரியே கட்டாமல் வாழ முடிந்தது. அதே தெருவில் வசித்த உள்ளூர் முதியவர் தம் சிறிய ஓய்வூதியத்தில் வாழ்க்கை நடத்த, வசதியான அண்டைவீட்டாருக்கு வரிவிலக்கு! இது பொறுக்காமல் பின்லாந்து 2019ல் போர்ச்சுகலுடனான வரி ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டது. போர்ச்சுகலும் 2020ல் புதிதாக வருவோரின் ஓய்வூதியத்துக்கு 10 விழுக்காடு வரி விதித்தது. 2023ல் லிஸ்பனில் வீட்டு வாடகை உயர்வை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தபோது, வெளிநாட்டவரை ஈர்க்கும் சலுகைகளும் விமர்சனத்துக்குள்ளாயின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மக்கள் வெறுப்பது வெளிநாட்டு முதியவரை என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆழமாகப் பார்த்தால், தமக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி என்று அரசாங்கமும் சந்தையும் நடந்துகொள்வதுதான் கோபத்தின் வேர். விதியை எழுதியவர் கண்ணில் படமாட்டார். பூங்காவில் நடக்கும் முதியவர் தினமும் கண்ணில் படுவார். அதனால் கோபம் அவர்மேல் போய் விழுகிறது.

மூன்று கேள்விகள்

ஆகவே, வெளிநாட்டு முதியவர்கள் பற்றிய பேச்சு எழும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, அவர் பயன்படுத்தும் சேவைக்கு நியாயமான விலை கொடுக்கிறாரா? இரண்டாவது, அவர் வருகையால் உள்ளூர்வாசி ஒருவர் வீட்டையோ மருத்துவமனைப் படுக்கையையோ இழக்கிறாரா? மூன்றாவது, அவர் மக்களோடு கலந்து வாழ்கிறாரா, சுவர் எழுப்பிக்கொண்டு தனித்து வாழ்கிறாரா?

பாசிர் ரிஸ் பாட்டிகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், முதல் கேள்விக்குப் பதில் தெளிவாக “ஆம்”. இரண்டாவது கேள்வியில், அவர்கள் வீடு வாங்குவதில்லை, மகன் அல்லது மகள் வீட்டில் ஓர் அறையில் தங்குகிறார்கள். மருத்துவமனை நெரிசல் உண்மையான கவலைதான். ஆனால் மூப்படைந்துவரும் ஒரு சமுதாயத்தில் அதற்குப் பெரிய காரணம் நம் சொந்த முதுமையே. மூன்றாவது கேள்விக்கான பதில் பாதி அவர்கள் கையில், பாதி நம் கையில்.

ஜோகூருக்குப் போகும் நம் மூத்தோரையும் இதே மூன்று கேள்விகளால்தான் அளக்க வேண்டும். காவலர் நிற்கும் வேலிக்குள் வீடு வாங்கி, வாரம் ஒருமுறை சாமான் வாங்க மட்டும் வெளியே வருபவருக்கு அங்கே எந்த மரியாதை கிடைக்கும்? நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பலருக்கு மலாய் நன்றாகப் பேசவரும். பக்கத்து வீட்டாரோடு பேசி, ராஜமாரியம்மன் கோயிலில் உள்ளூர்த் தமிழரோடு சேர்ந்து நின்று வாழ்பவரை எந்த ஊரும் அந்நியர் என்று ஒதுக்காது.

இந்த அளவுகோல் நம் விதிகளிடமும் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்கிறது. வயதான பெற்றோரை அருகில் வைத்துக்கொள்ளும் உரிமை 12,000 வெள்ளி சம்பளத்துக்கு மேல் தொடங்குகிறது. நம் வீடுகளையும் ரயில் பாதைகளையும் கட்டும் வேலை அனுமதி ஊழியர்களால் மனைவி மக்களைக்கூட அழைத்துவர முடியாது. சிறிய தீவில் எல்லாரையும் அனுமதிக்க இயலாது, எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். அதை ஏற்கிறேன். ஆனால், அந்தக் கோடு இடப்பற்றாக்குறையால் வந்தது. மனிதர்களின் தகுதியை அது அளப்பதாக நாம் எண்ணிவிடக் கூடாது.

தமிழ் இளையர்களின் பங்கு

கடைசியாக, நம் சமூகத்துக்குள் மட்டும் பேச வேண்டிய ஒன்று. ஊரிலிருந்து வந்த முதியவர்களைப் பற்றி நம்மில் சிலர் மற்ற இனத்தவரைவிட உரக்கவே குறைசொல்கிறோம். அதற்குள் ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. “எங்களையும் அவர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்களோ?” என்ற அச்சம். பள்ளியில் யாராவது நம்மை “நீ இந்தியாவிலிருந்து வந்தவனா?” என்று கேட்கும்போது வரும் எரிச்சல் நியாயமானதே. ஆனால் அந்த எரிச்சலை, பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டிமேல் காட்டுவதால் நம் சிங்கப்பூர் அடையாளம் கூடிவிடாது.

மாறாக, நம்மிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அது மொழி. மின்தூக்கியில் நின்று பேசும் பெரியவரிடம் “ஐயா, உள்ளே ஒருவர் வர வேண்டும்” என்று தமிழில் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தவும், சமூக மன்ற நிகழ்ச்சி எங்கே, உணவங்காடி நிலையத்தில் தட்டை எங்கே திருப்பி வைப்பது என்று சொல்லவும் நம்மால் முடியும். அவர்களுக்கும் கடமை உண்டு. வந்த ஊரின் வழக்கத்தைக் கற்றுக்கொள்வது விருந்தினரின் பண்பு. அதைக் கற்றுக்கொடுப்பது வீட்டுக்காரரின் பண்பு.

இன்றைக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் சிலர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜோகூரிலோ பினாங்கிலோ, இன்னும் தொலைவிலுள்ள ஏதோ ஒரு நாட்டிலோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கக்கூடும். அங்கே ஒரு மாணவர் உங்களைப் பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அதையே இன்று நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நினையுங்கள்.