யார் கொண்டு வந்த தண்ணீர்?

போன வாரம் ஓபியில் நடந்த விஷயம் இது.

ஐம்பது வயது அம்மா ஒருவர். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குனிய முடியவில்லை. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே சுண்ணாம்பு படிந்திருந்தது.

எலும்பு ஃப்ளோரோசிஸ். ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் வருவது. நம்ம மாவட்டத்துக்குப் பழகிய நோய்.

"ஒகேனக்கல் தண்ணி வரலையாம்மா?"ன்னு கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் கூட வந்த இருவருக்கும் சண்டை. "அது கலைஞர் கொண்டு வந்தது." "அம்மா இல்லைன்னா அது வந்தே இருக்காது."

சண்டை ஓய்ந்த பிறகு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்க தெரு மேட்டுல இருக்குதுங்க சார். போர் தண்ணிதான் குடிக்கறோம்."

மக்களே, இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

2008-ல் அடிக்கல் நாட்டியது கருணாநிதி. ஜப்பான் கடன் கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். 2013 மே மாதம் திட்டத்தைத் தொடங்கி வைத்தது ஜெயலலிதா. ஆக, ஆளுக்குப் பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு மறு பாதியை மறைக்கிறோம்.

பொய் சொன்னால் பிடித்துவிடலாம். பாதி உண்மையைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதே ஃப்ளோரைடை வைத்து இதே கதை நடக்கிறது.

அங்கே பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள். பரிந்துரைக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்.

2024-ல் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் நுண்ணறிவுத் திறன் குறைவதோடு தொடர்பு இருக்கிறது, 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை. அறிக்கை சொன்னது இவ்வளவுதான்.

ஒரு தரப்பு அந்த 1.5-ஐ விட்டுவிட்டு, "ஃப்ளோரைடே விஷம்" என்றது. இன்னொரு தரப்பில் பலர் அறிக்கையையே ஓரங்கட்டிவிட்டு, "சந்தேகப்படுகிறவன் முட்டாள்" என்றார்கள். 2025-ல் யூட்டா மாநிலம் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கவே தடை போட்டது. எவ்வளவு என்ற கேள்வி போய், நீ எந்தக் கட்சி என்ற கேள்வி வந்துவிட்டது.

என்னிடம் வரும் லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை 300 என்றால் 300தான். நோயாளி எந்தக் கட்சி என்று பார்த்து நான் அதை 120 ஆக்க முடியாது. ஆக்கினால் செத்துப்போவது அவர்தான்.

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் வீடும் ஒரு கட்சி வீடுதான். பிடித்த கட்சி செய்ததைப் படிக்காமலே ஃபார்வர்டு செய்திருக்கிறேன். பிடிக்காத கட்சி செய்தால் வரிக்கு வரி குறை தேடியிருக்கிறேன்.

இப்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு பழகுகிறேன்: "இதையே அடுத்த கட்சி செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?" பதில் மாறினால் அந்தப் போஸ்ட்டைப் போடுவதில்லை. நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க.

தருமபுரி, கிருஷ்ணகிரி சொந்தங்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்.

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எட்டு வயதுக்குள் அதிக ஃப்ளோரைடு உள்ளே போனால் பிறகு முளைக்கும் பல்லில் கறை விழும். அந்தக் கறை தானாக மறையாது.

உங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 1.5-ஐத் தாண்டினால் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அங்கே எழுந்து நின்று "யார் கொண்டு வந்தது?" என்று கேட்காதீர்கள். "எங்க மேட்டுத் தெருவுக்கு எப்போ வரும்?" என்று கேளுங்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதையே கேளுங்கள்.

அந்த அம்மாவின் கழுத்து இனி பழையபடி திரும்பாது. அவருடைய பேத்திக்கு நான்கு வயது.


அரசு மருத்துவர், தருமபுரி