பூட்டுக் கடைகளும் ஒரு சாக்கு நோட்டும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப் போகும் இடம் எடின்பரோவின் ஹை ஸ்ட்ரீட். கோட்டையிலிருந்து சரிந்து இறங்கும் அந்தத் தெருவில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில், தரையில் கல் பதித்து ஒரு இதயம் செய்து வைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதைத் தாண்டும்போது அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள்! நம் ஊரில் துப்பினால் அநாகரிகம், இங்கே அது மரபு :-)

விஷயம் என்னவென்றால், அந்த இடத்தில் டோல்பூத் என்ற பழைய சிறைச்சாலை இருந்தது. 1817-ல் இடித்துவிட்டார்கள். சிறையின் மேல் இருந்த வெறுப்பு மட்டும் இருநூறு வருடமாக அப்படியே இருக்கிறது. சுவர் எதுவரை இருந்தது என்று காட்டத் தரையில் பித்தளைத் துண்டுகளையும் பதித்திருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது சிறையைப் பற்றி இல்லை. அதற்குப் பக்கத்தில் வரிசையாக இருந்து, அதே காலத்தில் காணாமல் போன கடைகளைப் பற்றி.

அந்த வரிசைக்கு லக்கன்பூத்ஸ் என்று பெயர். 'லக்கன்' என்றால் பூட்டிய என்று அர்த்தம். தலையில் சுமந்து வந்து விற்றுவிட்டுப் போகும் சந்தைக் கடை மாதிரி இல்லாமல், ராத்திரி பூட்டிவிட்டுப் போகக்கூடிய கடைகள். 15-ம் நூற்றாண்டில் தொடங்கி, தேவாலயத்துக்கு எதிரே நடுத்தெருவிலேயே மாடி மாடியாக எழும்பி நின்றன. அவற்றுக்கும் தேவாலயச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்திலும் விடாமல் தேவாலயத் தூண்களில் முதுகைச் சாய்த்தபடி பெட்டிக்கடைகள். அதற்கு கிரேம்ஸ் என்று பெயர். பொம்மை, கையுறை, சில்லறைச் சாமான்.... நம்ம ஊர்க் கோவில் வாசலை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று ஒவ்வொன்றாக இடித்து, 1817-க்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். இன்று அந்தப் பெயர் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் இதய வடிவ வெள்ளி ஊக்கில்தான் அதிகம் பிழைத்திருக்கிறது.

என்னைப் போன்ற வங்கிக்காரனுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. தேவாலயத்தை ஒட்டி இருந்த ஒரு ஏழடிக்கு ஏழடிக் கடையில் உட்கார்ந்திருந்தவர் ஜார்ஜ் ஹெரியட் என்ற பொற்கொல்லர். ராணிக்கு நகை செய்தார், ராஜாவுக்கே கடன் கொடுத்தார். பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தொடங்கியது 1695-ல். ஹெரியட் இறந்தது 1624-ல். அதாவது, பெரிய தூண் வைத்த வங்கிக் கட்டடங்களுக்கு முன்னால் இந்த ஊரின் வங்கி ஒரு பெட்டிக்கடையில்தான் நடந்திருக்கிறது. அவர் விட்டுப்போன பணத்தில் உருவான பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

இடித்துத் துடைத்த கடைகளைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரிகிறது? எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நகரத்தில் வியாபாரம் செய்யும் உரிமை பெற்றவர்களின் பதிவேடுகள் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கின்றன. பீட்டர் வில்லியம்சன் என்று ஒருவர் 1773-ல் இந்த ஊருக்கு முதல் முகவரிப் புத்தகம் போட்டார். யார், என்ன தொழில், எந்த இடம் என்று வரிசையாக. சிறு வயதில் கடத்தப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டு, எப்படியோ திரும்பி வந்து, காபிக்கடை நடத்திய மனிதர். அரசாங்கம் சொல்லியா செய்தார்? பிழைப்புக்காகச் செய்தார். ஆனால் அதனால்தான் இடிந்துபோன தெருவில் இருந்தவர்களின் பெயர் இன்றைக்கும் கிடைக்கிறது.

இவர்கள் இதை வைத்துக் காசும் பார்க்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் புதிய கட்டடம் எழுப்பும்போது அடியில் புதைந்த மேரி கிங்ஸ் க்ளோஸ் என்ற சந்தை 2003-ல் திறந்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நான் கிண்டலாகச் சொல்லவில்லை. காசு வருகிறது என்றால் காப்பாற்றுவார்கள். அதுவும் நல்லதுதான்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் 17-ம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நாமெல்லாம் அதை மண்டபமாகவா பார்த்தோம்? கடைவீதியாகத்தான் பார்த்தோம். தூணுக்குத் தூண் புத்தகக்கடை, வளையல் கடை, பாத்திரக்கடை, தையல் மிஷின் சத்தம். நான் பி.காம். படித்தபோது கணக்குப் பதிவியல் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கியது அங்கேதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பைத் தைத்துக் கொடுத்ததும் அங்கே இருந்த தையல்காரர்கள்தான். அவர்களில் பலர் முஸ்லிம்கள். சித்திரைத் திருவிழாவின் கதையை எழுதுகிறவர்கள் இந்தத் தையல்காரர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதை.

2018 பிப்ரவரி 2 இரவு, கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்த கடைகள் எரிந்தன, மண்டபமும் பெரிய சேதம். அதற்குப் பிறகு கோவிலைச் சுற்றியுள்ள கடைகளை அப்புறப்படுத்தும் வேலை வேகம் பிடித்தது. புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. கடைகளை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாயக்கர் காலச் சிற்பத்தின் கழுத்தில் கயிறு கட்டிச் சட்டை தொங்கவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். தீ இன்னொரு முறை வந்தால் கல் தாங்காது. கல்லைக் காப்பாற்றியது சரி. ஆனால் எந்தத் தூணடியில் எந்தக் கடை, எத்தனை தலைமுறை என்று யாராவது எழுதி வைத்தோமா? ஒரு சின்னப் பலகை? நாளைக்கு அந்த மண்டபத்தைப் பார்க்கும் பிள்ளைகள், அது கட்டிய நாளிலிருந்து இப்படியே வெறிச்சென்று இருந்தது என்றுதானே நினைப்பார்கள்?

வணிகர்கள் நம்மிடம் எழுதாமல் இல்லை. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்ராவின் பாரூஸ் வரை போய் 1088-ல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். ஆனால் கல்வெட்டு வைக்கக் காசு உள்ளவர்களின் கதை அது. தூணடியில் உட்கார்ந்து ஊசி விற்றவருக்குக் கல்வெட்டு கிடையாது. அவருக்கு இருப்பது ஒரு கணக்கு நோட்டு.

இப்போது என் சொந்தக் கதை. அதைச் சொல்லாமல் அடுத்தவருக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

நான் கம்பம்மெட்டுக்காரன். தெரியாதவர்களுக்கு.... தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மலை முடியும் இடம். அதோடு தமிழ்நாடும் முடியும். அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம், ஏலக்காட்டு உலகம். போடிமெட்டு, சாக்கலூத்து மெட்டு என்று எங்கள் மலைத்தொடரில் இப்படிப் பல மெட்டுகள். ரோடு வருவதற்கு முன்னால் அரிசி தலைச்சுமையாக மேலே போகும், ஏலக்காய் கீழே வரும். வழியில் வரி வாங்க ஆள் இருக்கும். எங்கள் கடைவீதியின் நடுவிலேயே எல்லை உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கிறவர்கள் கடைவீதி என்பார்கள், மேலே இருக்கிறவர்கள் அங்காடி என்பார்கள். நாம் சங்க இலக்கியத்தில் படிக்கும் சொல் அவர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்குகிறது!

அங்கே என் அப்பா 1978-ல் இருந்து பலசரக்குக் கடை வைத்திருந்தார். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் வருவார்கள். வெற்றிலை, புகையிலை, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் கடனுக்கு. சம்பள நாளில் கட்டுவார்கள். அப்பாவின் நோட்டில் பெயர் இருக்காது. 'மூணாம் ஜீப்பு கூடலூர் அக்கா', 'தேவாரத்து மாமா', 'கட்டைக்குரல் சேட்டன்' என்றுதான் இருக்கும். பற்று, வரவு என்ற இரண்டு சொல்லையும் நான் கல்லூரியில் படிக்கவில்லை. அந்த நோட்டில் படித்தேன்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை கொதித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மலைப்பாதை அடைபட்டு ஜீப்புகள் நின்றன. அடுத்த பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அப்பா அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக வெறும் தேதி. விற்பனை எதுவும் இல்லை. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. எல்லாம் வரவு. பாதை திறந்ததும் வந்து பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் போனவர்கள். கீழேயிருந்து வந்த தமிழர்களும் உண்டு, மேலே இருக்கிற மலையாளிகளும் உண்டு. "பேப்பர்ல வந்தது ஒண்ணு, நம்ம நோட்டுல வந்தது ஒண்ணு, பாத்துக்கப்பா" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. லாரிகள் வரிசையில் நிற்பதை நம்பியிருந்த டீக்கடைகளுக்கு வியாபாரம் விழுந்தது. அப்பாவுக்கும் உடம்பு முடியவில்லை. 2019-ல் அவர் போய்ச் சேர்ந்தார். கட்டடக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்றார். அண்ணன்தான் காலி செய்யப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, அப்பா நோட்டு ஒரு சாக்கு கிடக்குப்பா. என்ன செய்ய?"

"வசூலாகாத கடன்தானேண்ணே. பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுருங்க."

இதைச் சொன்னது நான். வங்கியில் காலம் முடிந்த ஆவணங்களை அழிப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. அந்த விதியை அப்பா மேலும் பிரயோகித்துவிட்டேன். நாற்பது வருட மலைப்பாதையின் சரித்திரம், எடைக்குப் போட்டு அண்ணன் கைக்கு வந்தது சில நூறு ரூபாய்.

இப்போது ஹை ஸ்ட்ரீட்டில் அந்தப் பித்தளைத் துண்டுகளை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரனுக்கு வரலாற்று உணர்ச்சி உண்டு, நமக்கு இல்லை என்று புலம்புவது நம்மவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லக்கன்பூத்ஸை இடித்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே? இடிப்பது எல்லா ஊரிலும் நடக்கும். என் அப்பாவுக்கு அந்த உணர்ச்சி இருந்தது, எழுதினார், காட்டினார். இல்லாமல் போனது படித்து வெளிநாடு வந்த எனக்குத்தான்.

அதனால் என் கருத்து இதுதான். கோவிலையும் கோட்டையையும் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளட்டும். கடைகளை நாம்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் அந்தக் கடைகளின் வருமானத்தில்தான் படித்து விமானம் ஏறினோம். இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் பழைய கணக்கு நோட்டு, சிட்டை, ரசீதுக் கட்டு இருந்தால் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். நோட்டு இல்லையா? உங்கள் கடைவீதியில் உங்களுக்குப் பத்து வயதாக இருந்தபோது என்னென்ன கடை இருந்தது என்று வரிசையாகப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

நானும் தொடங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் போன் போட்டு, 1990-ல் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து எங்கள் கடை வரை இருந்த கடைகளை வரிசைப்படுத்துகிறோம். என் மகள் படம் வரைகிறாள். முதலில் டீக்கடை, அடுத்தது ஏலக்காய் வாங்கும் கடை, பிறகு சைக்கிள் கடை.... ஆறு கடை வரை தகராறு இல்லை. ஏழாவது கடை குடை ரிப்பேர் என்கிறார் அண்ணன். இல்லை, அது தையல்கடை, உன் பள்ளிக்கூட டவுசரே அங்கே தைத்ததுதான் என்கிறார் அம்மா. மூன்று வாரமாக முடிவாகவில்லை.

அந்தக் கடைக்காரரும் அப்பாவிடம் கடன் வைத்திருப்பார். நோட்டு இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.