மாடியில் விழுந்த தூசிக்குக் கணக்கு எங்கே?



போன வாரம் மாடியில் வடாம் காயவைத்த வேட்டியில் கருந்தூசி படிந்திருந்ததைப் படம் எடுத்து நம் குடும்பக் குழுவில் போட்டேன். "போன்ல காற்றுத் தரம் பச்சைதான் காட்டுது பெரியம்மா, பயப்படாதீங்க" என்று தங்கை மகன் பதில் போட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

போன் காட்டும் எண்ணில் 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள தூசிக்குத்தான் இடம். 1994ஆம் ஆண்டுத் தேசியத் தரத்தில் மிதக்கும் மொத்தத் துகளுக்கும் வரம்பு இருந்தது. 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசி கணக்கில் இல்லை!

ஐந்தாம் வகுப்பில் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மண் போட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? மணல் உடனே அடியில் போகும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். காற்றிலும் அதே கதைதான். தண்ணீரின் அடர்த்தியுள்ள 100 மைக்ரான் துகள் நொடிக்குச் சுமார் 25 செ.மீ. இறங்கும். 10 மைக்ரான் துகள் 0.3 செ.மீ.தான். பெரியது ஆலைக்குப் பக்கத்து ஊரிலேயே விழும். சிறியது ஊர் ஊராகப் போகும்.

புது ஆலை வரும்போது, சிம்னிப் புகை எங்கே எவ்வளவு சேரும் என்று கணினி மாதிரியில் கணக்குப் போடுகிறார்கள். இங்கே அதிகம் புழங்குவது அமெரிக்காவின் 'ஏர்மாட்'. தூசி கீழே இறங்குவதையும், தரையிலும் இலையிலும் ஒட்டுவதையும் கணக்கிட அதற்குத் தெரியும். ஆனால் துகளின் அளவு விவரத்தை நாம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தூசியை வாயுவாகவே எண்ணிக்கொள்ளும். தரையைத் தொட்டது பந்துபோல் மேலே திரும்பிவிடும்.

"படிவைக் கழிக்காததால் காற்றில் அளவு கூடுதலாகத்தானே வருகிறது, அது பாதுகாப்பான கணக்கு" என்பார்கள். நுண்தூசிக்குப் பெரும்பாலும் சரி. கனத்த துகள் சிம்னிக்கு அருகிலேயே இறங்கும்போது அங்கே தரைமட்ட அளவு கூடவும் செய்யும். அதையும் விடுங்கள். மண்ணில் விழுந்தது எவ்வளவு? குளத்தில்? கீரைப் பாத்தியில்? விடை பூஜ்ஜியம். கழித்தலையே செய்யாமல் விடை எழுதிய பையனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். காற்றடித்தால் சாம்பல் வீட்டுக்குள் வரும். விழுந்தது அங்கேயே கிடப்பதில்லை, மறுபடி கிளம்புகிறது.

என் வேட்டியில் விழுந்தது ஆலைத் தூசி என்று நான் சொல்லவில்லை. பூந்தமல்லி–ஆவடி சாலை லாரிகளின் தூசியாகவும் இருக்கலாம். அளந்தால்தானே தெரியும்?

2006 அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: துகளின் அளவு என்ன வைத்தீர்கள்? படிவு கணக்கிட்டீர்களா? ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு எத்தனை கிராம் விழும்?

டீச்சர் கேட்கச் சொன்னார் என்றே சொல்லுங்கள்.